ஒத்துழைக்கவில்லை

பிப்ரவரி 4, செவ்வாய்

திருநெல்வேலியில் இரண்டு நாள் பயிற்சி முடிந்து திரும்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இந்த இரண்டு நாளில் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

பயிற்சியின் தலைப்பே முக்கால் முழம்: பழைய காயத்தோடு வரும் தாய்மாருக்குக் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அதன் பின்னும் செய்ய வேண்டிய கவனிப்பு. காயம் என்றால் தையல் போட்ட காயம் இல்லையாம், மனசில் உள்ளதாம். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். தொடுமுன் கேட்க வேண்டும், கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், வேண்டாம் என்றால் கையை எடுத்துவிட வேண்டும் என்றாள். நான் எழுந்து, "இருபத்தி நாலு வருசமா பிரசவம் பாக்கேன்மா. ஒவ்வொருத்திட்டயும் கேட்டுட்டு நின்னா பாதிப் பிள்ளைக தரையிலதான் விழுந்திருக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். அப்புறம், "இனிமே உங்ககிட்ட வரவே மாட்டேன்னு சொன்னவங்க யாராவது உண்டா சிஸ்டர்?" என்று கேட்டாள். பிரசவ வைராக்கியத்தில் சொல்லாதவள் யார், அடுத்த வருஷமே வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பாளுகள் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

சார் ரசம் மட்டும் வைத்திருந்தார். சார் என்பது என் வீட்டுக்காரர். வாத்தியார் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஊரே அப்படிக் கூப்பிடுவதால் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அப்பளம் பொரித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதக் கூட்டம். கிராமங்களுக்குப் போய் வரும் நர்ஸ் பேச்சித்தாய் ஒரு கேஸ் சொன்னாள். கீழச்சுரைக்குடியில் முப்பிடாதி என்று ஒரு பெண், பீடி சுற்றுகிறவள். வீட்டுக்காரன் கேரளாவில் டைல்ஸ் வேலை. மாமியாரோடு இருக்கிறாள். இது இரண்டாவது, ஏழு மாதம் முடிந்துவிட்டது. சத்து மாத்திரையை வாங்கிக்கொள்கிறாள், வயிற்றைத் தொட விடுவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், வலி வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு நானே பெற்றுக்கொள்வேன் என்கிறாளாம்.

முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறது. டாக்டரம்மா நிலோபர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீட்ல பெத்து அதே மாதிரி போச்சுன்னா, 108 வர்றதுக்குள்ள செத்துருவா" என்றார். அது சரிதான். அந்த ஊருக்குள் வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும்.

முதல் பிரசவம் நடந்தது நான் முன்பு வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில், ஐந்து வருஷம் முன்னால். அப்போது நானும் அங்கே இருந்தேன். தினம் பத்துப் பிரசவம், முகமா ஞாபகம் இருக்கும்.

நாளை நல்லெண்ணெய் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

பேச்சித்தாயின் ஸ்கூட்டியில் கீழச்சுரைக்குடி போனேன். அனுபவஸ்தி ஒருத்தி போய்ச் சொன்னால் கேட்பாள் என்று டாக்டரம்மா அனுப்பினார்.

வேப்பமர நிழலில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நல்ல கை வேகம். பேச்சித்தாய், "ஏ முப்பிடாதி, சிஸ்டரக்கா வந்திருக்காவ பாரு" என்றதும் நிமிர்ந்தாள். கை நின்றது. சுளகு சரிந்து தூளும் இலையும் மண்ணில் கொட்டின. அதை அள்ளக்கூட இல்லை, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுக்கொண்டாள். ஏழு மாத வயிற்றோடு அத்தனை வேகமாக ஒருத்தி எழுந்து நான் பார்த்ததில்லை.

கூச்ச சுபாவம் போல.

மாமியார் ஆவுடையம்மாள் கொட்டியதை அள்ளிக்கொண்டே புலம்பினாள். "அவளுக்கு எப்பவும் வீம்புதான் சிஸ்டர். மொதப் பிரசவத்துலயே அப்படித்தான் பண்ணுனா." பக்கத்தில் ஐந்து வயசுப் பெண் குழந்தை நின்றது. பேர் தர்ஷிகா. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறது. ஏதோ சொன்னது, எனக்குப் புரியவில்லை. "தண்ணி வேணுமானு கேக்கா" என்றாள் ஆவுடையம்மாள். வேண்டாம் என்றேன். தாகமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

மோட்டார் ரிப்பேர். ஆள் வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

தடுப்பூசி நாள். நாற்பத்தியொரு குழந்தைகள். காது இன்னும் இரைகிறது.

மத்தியானம் டாக்டரம்மா, முப்பிடாதியின் பழைய கேஸ் ஷீட் கிடைக்குமா என்று கேட்டார். ஐந்து வருஷத்துக் காகிதம் கறையான் அரித்திருக்கும் என்றேன். "இல்ல சிஸ்டர், அங்க ரெக்கார்டு செக்‌ஷன்ல கேட்டு வாங்கிட்டேன்" என்று போனை நீட்டினார். நான்கு படங்கள். மூன்றாவது பக்கத்தின் அடியில் இங்கிலீஷில் ஒரு வரி. தமிழில் சொன்னால்: நோயாளி ஒத்துழைக்கவில்லை.

"இது யார் எழுதினதுன்னு தெரியுதா?" என்றார்.

கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

எழுத்து என் எழுத்துதான். இங்கே எழுதுவதற்கு என்ன, யார் பார்க்கப்போகிறார்கள்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று லேபர் ரூமில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆயா ஒரு காலைப் பிடித்தாள், இன்னொருத்தி இன்னொரு காலைப் பிடித்தாள், நான் தொடையில் இரண்டு அடி போட்டேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்பதை எல்லாம் ஒரே வார்த்தையில் எழுதினால் அப்படி வரும். எல்லாரும் எழுதுவதுதான். நானாகக் கண்டுபிடித்ததில்லை, எனக்கும் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள்.

முப்பிடாதி "கைய எடுங்க, கைய எடுங்க" என்று கத்தினாள். ரத்தம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டுக் கட்டிகளை எடுத்துக் கர்ப்பப்பையை அமுக்கிப் பிடித்தேன். கையை எடுத்திருந்தால் செத்திருப்பாள். இன்றைக்குப் பீடி சுற்ற அவளுக்குக் கை இருக்கிறதென்றால் அது என் கையால்தான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. நல்லதுக்குக் காலம் இல்லை.

திரை மூடவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு மூன்று டேபிளிலும் ஆள்.

பிப்ரவரி 26, புதன்

பேச்சித்தாய் நேற்று அந்த வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கூடவே பீடி இலை நறுக்கிக் கொடுத்து, ஒரு வழியாகப் பேச வைத்துவிட்டாள். என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஆஸ்பத்திரினா அவளுக்கு ஒடம்பு நடுங்குது. அது ஒரு பக்கம். இன்னொண்ணு இருக்கு. அந்தப் பிள்ள காலு அப்படி ஆனதுக்கும் பேச்சு சரியா வராததுக்கும் இவதான் காரணம்னு அஞ்சு வருசமா வீட்ல சொல்லுதாவ. இவ காலச் சேத்து வச்சுப் பிள்ளைய நசுக்கிட்டாளாம். அன்னிக்கு நர்சம்மாவே வெளிய வந்து சொன்னாவளாம். இந்தத் தடவ மாமியாக்காரி நானே உள்ள வந்து ரெண்டு காலையும் பிடிச்சுக்கிடுதேன்னு நிக்கா. அதுக்கு நான் வீட்லயே சாவேன்னு இவ சொல்லுதா."

"எந்த நர்சு?" என்று கேட்டேன்.

பேச்சித்தாய் தரையைப் பார்த்தாள். "அது எனக்கு என்னத்துக்குக்கா" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். சார் கேட்டதற்கு, பயறு சரியாக வேகவில்லை என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் காதில் விழவில்லை.

திரும்பும் வழியில் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் டூட்டியில் நடந்ததை வீட்டில் பேசியதில்லை. அவர் கேட்டுவிட்டு, "ரிட்டயர் ஆக மூணு வருசம் இருக்கு. நுணலும் தன் வாயால் கெடும்" என்றார். வாத்தியாருக்கு எதற்கும் ஒரு பழமொழி வேண்டும். அப்புறம் கொஞ்ச தூரம் போய், "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்றார். ஐந்து என்றேன். மீன் வாங்கினோம். லெந்து நோன்பு தொடங்கினால் நாற்பது நாள் மீன் கிடையாது.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். தடுப்பூசி, இருபத்தியெட்டுக் குழந்தைகள்.

மார்ச் 7, வெள்ளி

கேஸ் ஷீட்டில் ஒரு பக்கத்தைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை.

குழந்தையின் இதயத்துடிப்பை அரை மணிக்கு ஒரு தரம் பார்த்து எழுத வேண்டும். பத்து, பத்தரை, பதினொன்று, பதினொன்றரை மணிக்கு நேராக நூற்று நாற்பது, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பது, நூற்று நாற்பத்திரண்டு. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் எழுதியது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எல்லாம் முடிந்தபின் எழுதினேன். அன்றைக்குப் பத்து மணிக்கு மேல் நான் அவளைப் பார்க்கவே இல்லை.

மூன்று டேபிள் என்று எழுதினேன். அது பத்து மணி வரைக்கும்தான். அதற்கப்புறம் கூட வேலை பார்த்த ஒருத்திக்கு மாறுதல், டூட்டி ரூமில் கதவைச் சாத்திக் கேக் வெட்டினார்கள். ஆயா வந்து, "சிஸ்டர், அந்தப் பிள்ள வயித்துல அசைவு இல்லங்கா" என்றாள். "எல்லாவளும் இதத்தான் சொல்லுவாளுக, போ" என்றேன். போட்டோ எடுத்தோம்.

பிறகு குழந்தை துவண்டு வந்தது. அழவில்லை. மாடியில் உள்ள குழந்தைகள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெளியே வந்தபோது மாமியார், "என்ன ஆச்சும்மா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மருமக காலச் சேத்து வச்சுக்கிட்டா. சொன்ன பேச்சக் கேக்கல" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. அந்த நேரத்துக்கு வாயில் தயாராக இருக்கும் வசனம் அது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். அவள் அந்த வசனத்தோடு அந்த வீட்டில் ஐந்து வருஷம் இருந்திருக்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 8, சனி

போய்ச் சொல்லிவிட்டேன்.

பேச்சித்தாயிடம் முன்னாலேயே சொல்லி அனுப்பினேன்: உள்ளே வர மாட்டேன், வாசலிலேயே நிற்பேன், பேசிவிட்டுப் போய்விடுவேன், பிடிக்காவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். சரி என்று பதில் வந்தபின்தான் கிளம்பினேன். முப்பிடாதி கதவுக்குப் பின்னால் பாதி தெரிகிற மாதிரி நின்றாள். ஆவுடையம்மாள் வாசலில். குழந்தை கோழியை விரட்டிக்கொண்டிருந்தது.

ஆவுடையம்மாளைப் பார்த்துத்தான் பேசினேன். "உங்க மருமக அன்னிக்கு ஒரு தப்பும் பண்ணல. காலச் சேத்து வைக்கல. பிள்ள அசையலனு சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. நான் வந்து பாக்கல. பாத்திருந்தா டாக்டரக் கூப்புட்டுச் சீக்கிரம் எடுத்திருப்போம். பிள்ளைக்கு இப்படி ஆனது அதனாலதானானு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா உங்ககிட்ட அவமேல பழியப் போட்டது பொய். அவள அடிச்சதும் நான்தான்."

ஆவுடையம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்போ இவ?" என்றாள். "இவ ஒண்ணும் பண்ணலையா?"

"இல்ல."

அவள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். "நாசமாப் போவ! அஞ்சு வருசமா ஒம் பேச்சக் கேட்டு இந்தப் பிள்ளையத் திங்கவிடாம உறங்கவிடாமக் கரிச்சுக் கொட்டுனேனே! நீ வெளங்குவியா? ஒங் கை வெளங்குமா?" என்று என்மேல் தூற்றினாள். வாயிலும் கண்ணிலும் மண். பேச்சித்தாய் தடுக்க வந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மண்ணை வாரித் தூற்றினால் குலம் நசித்துவிடும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். என் மகள் பேரை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து முப்பிடாதி கேட்டாள். அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் கூப்புடுத நேரமெல்லாம் உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்தீய?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் போதும், வேறொரு கேஸ் சீரியஸ் என்றால் முடிந்தது. "கேக் வெட்டிக்கிட்டு இருந்தோம்" என்றேன்.

"என்னது?"

"கேக். ஒருத்திக்கு மாறுதல் ஆச்சு."

அவள் கதவைச் சாத்தினாள். கொண்டி போடுகிற சத்தம் கேட்கவில்லை. ஆவுடையம்மாள் மண்ணிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் தலைக்கு இரண்டு தரம் குளித்தேன்.

மார்ச் 10, திங்கள்

டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டேன், எழுத்திலும் கொடுத்தேன். "இத மேல அனுப்பாம இருக்க முடியாது சிஸ்டர்" என்றார். அதற்குத்தான் கொடுத்தேன் என்றேன். அவர் முகத்தில் பாராட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

மார்ச் 13, வியாழன்

முப்பிடாதி வந்தாள்.

மாமியாரும் மருமகளும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் இருந்தேன். என்னைப் பார்க்காமலே டாக்டரம்மா அறைக்குள் போனார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், "வாயை மூடிக்கிட்டு இருங்க" என்று அதட்டினேன். பழக்கம் சீக்கிரம் போவதில்லை.

பிறகு டாக்டரம்மா, மாவட்ட மருத்துவமனைக்குக் கொடுக்கிற கடிதத்தைக் காட்டினார். முன்பு ரத்தப்போக்கு ஏற்பட்ட கேஸ் என்பதெல்லாம் மேலே. கீழே முப்பிடாதி சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதியிருந்தார்: யாரும் என்னைய அமுக்கக் கூடாது. என்ன செய்யப்போறாவனு மொதல்ல சொல்லணும். தெரைய மூடணும். பிள்ள அசையலனு சொன்னா வந்து பாக்கணும். எங்க அத்தை கூட இருக்கட்டும், ஆனா கால்மாட்டுல இல்ல, தலமாட்டுல நிக்கட்டும்.

"வயித்தத் தொட விட்டாளா?" என்று கேட்டேன்.

"கேட்டேன். இன்னிக்கு வேண்டாம்னா. சரின்னுட்டேன். கெளம்பும்போது அவளாவே வந்து படுத்தா" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

மோட்டார் மறுபடியும்.

மார்ச் 29, சனி

காலை பதினொன்றரைக்குப் பேச்சித்தாய் போன். முப்பிடாதிக்கு மாவட்ட மருத்துவமனையில் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. உடனே அழுததாம்.

ரத்தப்போக்கு இந்தத் தடவையும் வந்திருக்கிறது. ஆவுடையம்மாள் தலைமாட்டில் நின்று பார்த்ததை அப்படியே பேச்சித்தாயிடம் சொல்லியிருக்கிறாள். உள்ளே கையை விட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் இவள் வேண்டாம் என்று கத்தியிருக்கிறாள். டாக்டர் கையை எடுத்துவிட்டு, ரத்தம் நிற்க ஊசி ஏற்றச் சொல்லிக்கொண்டே, முகத்துக்கு நேராக வந்து, எதற்கு, எவ்வளவு நேரம், எப்படி வலிக்கும் என்று சொல்லியிருக்கிறார். இவள் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, சரி என்றாளாம். ஏற்றியது ஒரு பாட்டில் ரத்தம்தான்.

அவ்வளவும் எடுத்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். "பத்து எண்ணுத நேரம்தான் இருக்கும்னு அந்தம்மா சொல்லுதா" என்றாள் பேச்சித்தாய்.

பத்து எண்ணும் நேரம் என்னிடமும் இருந்தது. போனை வைத்துவிட்டு, யாருமில்லாத ஸ்டோர் ரூமில் நின்று அழுதேன். பிறகு பஞ்சு கட்டுகளை அடுக்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மெமோ வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "எழுத்துப்பிழை இருக்கு" என்றார். காபி போட்டுக் கொடுத்தார்.

முப்பிடாதி உறங்குவதில்லையாம். குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூக்கில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறாளாம். டாக்டரம்மா அவள் வீட்டுக்கே போய் இருந்து பேசிவிட்டு வந்தார், வாராவாரம் போகப்போகிறார். ஆவுடையம்மாள், "நீ உறங்கு, நான் வெரல வச்சுக்கிடுதேன்" என்று முறை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி.

மே 14, புதன்

தடுப்பூசி நாள். இரண்டு மேஜை. ஒன்றில் நான், இன்னொன்றில் புதிதாக வந்திருக்கும் நர்ஸ். அவளுக்குக் கை நிதானம், வரிசை வாசல் வரை நின்றது. என் மேஜை முன்னால் பத்தரை மணிக்கே ஆள் இல்லை.

முப்பிடாதி குழந்தையோடு வந்தாள். ஒன்றரை மாத ஊசி. "இங்க வாம்மா, ஆள் இல்ல" என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அந்த நீள வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முக்கால் மணி நேரம் நின்றாள், வெயில் வேறு. நான் ஊசிக் கணக்கைச் சரிபார்ப்பது போல நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நர்ஸ், "தொடையில போடப்போறேன், பிடிச்சுக்கிடுதீயளா?" என்று கேட்பது காதில் விழுந்தது. குழந்தை வீறிட்டது. நல்ல தொண்டை.

போகும்போது என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் எழுந்துவிட்டேன், ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையப் பாக்கணுமா?" என்றாள்.

"பாக்கேன்."

போர்த்தியிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கினாள். "பாருங்க. தொட வேண்டாம்."

சரி என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.